14 மாதக் குழந்தை வேண்டுமென்றே சிரிப்பு காட்டுமா?

கேள்வி: மகளுக்கு 14 மாதம். பொம்மையை நீட்டுகிறாள், கை நீட்டினால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரிக்கிறாள். புரிந்துதான் செய்கிறாளா?

மறுமொழி 1: புரிந்துதான். கொடுப்பதுபோல் ஏமாற்றும் இந்த விளையாட்டு சில குழந்தைகளிடம் 9 மாதத்திலேயே தொடங்கிவிடும். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே ஏமாற்ற முடியும்? இழுத்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள், அழகே அதில்தான்.

நீங்களும் விளையாடுங்கள். சாக்ஸைக் காதில் மாட்டி, இரண்டு மூன்று விநாடி பேசாமல் இருங்கள். அவசரப்பட்டு நாமே சிரித்துவிட்டால் அவள் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. சாக்ஸ் காலுக்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பொருளில் வேடிக்கை எடுபடாது. நாயைக் காட்டி "மியாவ்" சொல்வதெல்லாம் பெயர்கள் பழகிய பிறகு, ஏறக்குறைய 2 வயதில்.

மறுமொழி 2: சோற்றை வீசும்போது மட்டும் சிரித்துவிடாதீர்கள், அதையே திரும்பச் செய்வாள். கிச்சுகிச்சு மூட்டும்போது முகத்தைத் திருப்பினால் உடனே நிறுத்துங்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாலும், "போதும்" என்றுதான் அதற்கு அர்த்தம்.

மறுமொழி 3: அவளுக்கு என்ன புரிகிறது என்று பார்க்க இன்னொரு விளையாட்டு. 18 மாதத்துக்குமேல் மூக்கில் தெரியாமல் குங்குமம் தொட்டுவைத்துக் கண்ணாடி காட்டுங்கள். கண்ணாடியை விட்டுத் தன் மூக்கைத் தொட்டால் தன்னை அடையாளம் கண்டுவிட்டாள். பலருக்கு 2 வயதுக்குள் வரும். ஆனால் 18 மாதமாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாவிட்டால், அல்லது இப்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதையும் சோதியுங்கள்.