சிபாப் மிஷின் இன்னும் வரல, அதுவரைக்கும் என்ன செய்யறது? வீட்டுக்காரர் டாக்ஸி டிரைவர்

நெல்லைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு வயசு 46. திருநெல்வேலியில சொந்தக் கார் வெச்சு டாக்ஸி ஓட்டுறார். குறட்டை கல்யாணம் ஆனதுல இருந்தே உண்டு, யாரும் பெருசா எடுத்துக்கல. இப்போ தூக்கத்துல மூச்சு அப்படியே நின்னுடுது. நான் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன், வயிறு மட்டும் மேல கீழ போகும், மூக்குல காத்து இருக்காது. அப்புறம் ஒரு பெரிய செருமலோட திரும்ப வரும். காலையில தலைவலி. பகல்ல சிக்னல்ல நிக்கும்போதே கண்ணு சொருகுது.

ஸ்லீப் ஸ்டடி எடுத்தாச்சு. ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே படுக்க வெச்சு, தலை முழுக்க வயர், நெஞ்சுலயும் வயித்துலயும் பெல்ட்டு. பாதி ராத்திரிக்கு மேல மாஸ்க் மாட்டி காத்து வெச்சும் பார்த்தாங்களாம். ரிப்போர்ட்ல ஏஎச்ஐன்னு ஏதோ 38, ஆக்சிஜன் குறைஞ்சது 71 சதவீதம்னு இருக்கு. கடைசிப் பக்கத்துல சிபாப் 9ன்னு போட்டிருக்கு. இது ஸ்லீப் அப்னியா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற நோய், மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சு வழி மூடாம வெச்சிருக்கற அந்த சிபாப் மிஷின் கட்டாயம் வேணும்னுட்டார் டாக்டர்.

தெரிஞ்சவங்க சொன்ன ஒரு டீலர்கிட்ட பாதிப் பணம் அட்வான்ஸ் கட்டினோம். "சென்னையில இருந்து வந்துட்டே இருக்கு மேடம்"னு சொல்லிச் சொல்லியே இழுத்தாங்க. இப்போ போன் எடுக்கறதே இல்ல. இன்சூரன்ஸ்ல கேட்டா, வீட்டுக்கு வாங்குற கருவிக்குத் தரமாட்டோம்னு சொல்லிட்டாங்க.

இவர் என்னடான்னா ராத்திரி திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரிக்குப் போயிட்டுதான் இருக்கார். நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு பழைய மிஷின் பாதி விலைக்கு வருதுங்கறார், அதை வாங்கலாமா? இன்னொரு பயம், கரண்ட் போனா அந்த மாஸ்க்குக்குள்ள மூச்சு முட்டிடாதா? மழைக்காலத்துல எங்க தெருவுல கரண்ட் எப்போ போகும்னே சொல்ல முடியாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொங்கு மைனர்:

முதல்ல ராத்திரி சவாரியை நிறுத்தச் சொல்லுங்கக்கா. மத்ததெல்லாம் அப்புறம்.

பழைய சிபாப்காரன்:

தங்கச்சி, நான் பல வருஷமா இந்த மிஷின்லதான் தூங்குறேன். நம்ம ஊர்ல மிஷினுக்காகக் காத்திருக்கணும்னு அவசியமே இல்ல. வாடகைக்குக் கிடைக்குது. திருநெல்வேலி, மதுரை, நாகர்கோவில் எல்லா இடத்துலயும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாடகைக்குக் கொடுக்கறவங்க பெரும்பாலும் சிபாப்பும் வெச்சிருப்பாங்க. மாச வாடகை, திருப்பிக் கொடுக்கற டெபாசிட். மாஸ்க் மட்டும் புதுசா நீங்களே வாங்கணும், அடுத்தவங்க போட்ட மாஸ்க் வேண்டாம். டியூப்பும் ஃபில்டரும் புதுசா கேளுங்க.

எனக்கு முதல் மாசம் வாடகைதான். அதுல ஒரு லாபமும் உண்டு. எந்த மாஸ்க் ஒத்துவருது, எந்த மிஷின் சத்தம் தாங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் நிதானமா சொந்தமா வாங்கலாம். அவசரத்துல வாங்கி பீரோ மேல தூக்கி வெச்சவங்க நிறையப் பேரைப் பார்த்திருக்கேன்.

கரண்ட் பத்தி: மாஸ்க்குல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், நாம விடுற மூச்சு வெளிய போறதுக்கு. வாயையும் சேர்த்து மூடுற பெரிய மாஸ்க்குல கூடுதலா ஒரு வால்வு. காத்து நின்னவுடனே அது திறந்து வெளிக்காத்தை உள்ள விடும். மூக்கு மாஸ்க்னா வாயைத் திறந்தா போச்சு. எனக்கு கரண்ட் போனா முழிப்புத்தான் வரும், அதுவும் திரும்பக் குறட்டை ஆரம்பிச்சதால மனைவி உதைக்கறதுல.

ஈஸ்ட்ஹாம் வாசி:

நான் லண்டன்ல இருக்கேன். இங்க அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மிஷினை இலவசமா கடனுக்குக் கொடுக்கும், ஆனா ஸ்டடிக்கும் மிஷினுக்கும் நடுவுல மாசக்கணக்குல வரிசை. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவங்களைப் பரிசோதனைக்குச் சீக்கிரம் எடுக்கணும்னு 2021ல நைஸ்ங்கற மருத்துவ வழிகாட்டு அமைப்பு கொடுத்த வழிகாட்டுதல்லயே இருக்கு. பகல்ல அளவுக்கு மீறித் தூக்கம் வர்ற நோயாளி ஓட்டவே கூடாது, லைசென்ஸ் கொடுக்கற டிவிஎல்ஏவுக்கும் தெரியப்படுத்தணும். சிகிச்சை சரியா நடக்குதுன்னு ஆனபிறகுதான் திரும்ப ஓட்டலாம்.

உங்க ஊர்ல இந்தக் கெடுபிடி இருக்கோ இல்லையோ, ஆபத்து ஒண்ணுதான். அவர் டிரைவர்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா? சொல்லலைன்னா நாளைக்கே சொல்லுங்க.

நெல்லைப் பொண்ணு:

நன்றிண்ணா. டாக்டர்கிட்ட "சொந்தத் தொழில்"னு மட்டும் சொல்லியிருக்கார், டிரைவர்னு சொல்லலையாம்! கேட்டா "சொன்னா ஓட்டாதேன்னுடுவார்"ங்கறார். கார் டியூ இன்னும் பாக்கி இருக்கு, ராத்திரி ஏர்போர்ட் சவாரியிலதான் காசு. போன வாரம் பணகுடி தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தி முகம் கழுவிட்டுக் கிளம்பினவர், ஆரல்வாய்மொழி வரைக்கும் எப்படி வந்தேன்னே ஞாபகம் இல்லைன்னு அவர் தம்பிகிட்ட சொல்லியிருக்கார். என்கிட்ட சொல்லல.

கொங்கு மைனர்:

அந்த ஞாபகம் இல்லாத தூரம் முழுக்க அவர் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கியிருக்கார். டீயும் தண்ணியும் அதுக்கு முன்னாடி நிக்காது. ஏர்போர்ட் சவாரியை விட வேண்டாம், ஆக்டிங் டிரைவர் போடுங்க. பேட்டா போக கையில கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பகல்ல ஓட்டுறதும் டாக்டர் சொல்லாம வேண்டாம்.

வைத்தியர் பேரன்:

இந்த மிஷின் எல்லாம் இப்போ புதுசா வந்த வியாபாரம். ஆயுசு முழுக்க அடிமையாக்கிடுவாங்க. ராத்திரி வாயில டேப் ஒட்டிட்டுப் படுத்தா மூக்கு வழியா மூச்சு பழகிடும். கூடவே தேனும் சுக்கும். என் மாமாவுக்குக் குறட்டை நின்னுடுச்சு.

லேப் தம்பி:

வணக்கம், நான் ஸ்லீப் லேப்ல டெக்னீஷியன். டேப் விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். ஆக்சிஜன் 71க்கு இறங்குற ஆளுக்கு வாயை அடைக்கறது மகா ஆபத்து. அடைப்பு இருக்கறது தொண்டையில. நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து பின்னாடி விழுது. வாயை மூடினா அது திறக்காது, மூக்கும் அடைச்சிருந்தா இருக்கற வழியும் போச்சு. உங்க மாமாவுக்கு வெறும் குறட்டையா இருந்திருக்கலாம்.

அக்கா, ஏஎச்ஐ 38ன்னா மணிக்குச் சராசரி 38 தடவை மூச்சு நிக்குது இல்ல நல்லாக் குறையுது. 5க்குக் கீழ சரி, 15க்கு மேல நடுத்தரம், 30க்கு மேல தீவிரம். நீங்க சொன்ன "வயிறு அசையுது, மூக்குல காத்து இல்ல"ங்கறதுதான் அடைப்பு வகை. நாங்க ராத்திரி முழுக்க திரையில பார்க்கறதும் அதேதான், பெல்ட்டோட கோடு ஆடும், மூக்கு சென்சாரோட கோடு தட்டையாக் கிடக்கும்.

உங்க ரிப்போர்ட்ல ஒரு நல்ல விஷயம் இருக்கு. பாதி ராத்திரிக்கு மேல மாஸ்க் வெச்சு அளந்திருக்காங்க, அதனால எவ்வளவு அழுத்தம்னு கையில இருக்கு. 9ன்னா 9 செ.மீ. நீர் அழுத்தம். டாக்டர்கிட்ட தனிச் சீட்டுல எழுதி வாங்குங்க: ஒரே அழுத்தத்துல ஓடுற சாதா சிபாப்பா, தேவைக்கேத்த மாதிரி அழுத்தத்தைத் தானே மாத்திக்கற ஆட்டோவா, அழுத்தம் எவ்வளவு, ஆட்டோன்னா எதுல இருந்து எதுவரைக்கும், மாஸ்க் எந்த வகை. இந்தச் சீட்டு இல்லாமப் போனா சில டீலருங்க ஆட்டோ மிஷினைக் கம்பெனியில வர்ற 4-20லயே விட்டுட்டுப் போயிடுவாங்க. 4ல ஆரம்பிச்சா நிறையப் பேருக்குக் காத்தே பத்தாது, "மூச்சு முட்டுது"ன்னு முதல் ராத்திரியே கழட்டி எறிஞ்சிடுவாங்க. அப்புறம் மிஷின் மேல பழி.

பழைய மிஷின் பத்தி: எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு கேளுங்க. பிலிப்ஸ் கம்பெனி 2021 ஜூன்ல தன்னோட சிபாப் மிஷின்களையும் அதே மாதிரியான பைபாப் மிஷின்களையும் லட்சக்கணக்குல திரும்பப் பெறுறதா அறிவிச்சது. உள்ள சத்தம் குறைக்க வெச்ச ஃபோம் உதிர்ந்து மூச்சுக்காத்துல கலக்குற ஆபத்து. முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் மாடல் அதுல வரும். 2021 ஏப்ரல் 26க்கு முன்னாடி தயாரானதுன்னா தொடவே வேண்டாம். பாதி விலைக்கு வர்றது பலதும் அந்தக் காலத்து மிஷின்தான். வேற மிஷின்னாலும் மெனுவுல ஓடின மணிக்கணக்கு இருக்கும், அதைப் பார்க்காமக் காசு கொடுக்காதீங்க.

பழைய சிபாப்காரன்:

பேரனுக்கு ஒரு தகவல். புது வியாபாரம் இல்ல தம்பி. 1981லயே சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் இதைச் செஞ்சு காட்டி லான்செட் பத்திரிகையில எழுதிட்டார். என் மூக்குக்கண்ணாடிக்கும் நான் அடிமைதான், அதுக்காகக் கழட்டிட்டு ரோட்டைக் கடக்க முடியுமா?

இன்வெர்ட்டர் பத்தி விட்டுட்டேன். வீட்டுல இருக்கறது சைன் வேவா ஸ்கொயர் வேவான்னு பாருங்க. சைன் வேவ்தான் வேணும், ஸ்கொயர் வேவ்ல அடாப்டர் சூடாகும், கெட்டும் போகலாம். தண்ணித் தொட்டியோட ஹீட்டரை அணைச்சுட்டா இந்த மிஷின் இழுக்கற கரண்ட் ரொம்பக் கம்மி, ஃபேனோட சேர்த்து ராத்திரி முழுக்க ஓடும். தொட்டிக்கு மெடிக்கல்ல டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. நம்ம ஊர் போர் தண்ணி ஊத்தினா கொஞ்ச நாள்ல தொட்டியடியில வெள்ளையா உப்புப் படியும். பேட்டரிக்கு ஊத்தற தண்ணி கூடவே கூடாது.

நெல்லைப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாத்தனார் வீட்டுக்காரர் சொன்ன மிஷின் நீங்க சொன்ன ட்ரீம்ஸ்டேஷனேதான், வேண்டாம்னுட்டேன். பாளையங்கோட்டையில ஒரு இடத்துல வாடகைக்கு இருக்குன்னாங்க, டாக்டர் சீட்டோட நாளைக்குப் போறோம். டிரைவர்ங்கறதையும் நானே டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். தான் பார்த்துச் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னு நேராவே திட்டிட்டார். இப்போ என் வீட்டுக்காரரோட தம்பிதான் ஓட்டுறார். இவர் வீட்டுல என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல, பரவாயில்ல.

இன்னைக்கு ராத்திரிக்கு என்ன செய்யறது? அப்புறம், அவருக்குப் பெரிய மீசை, அதனால மாஸ்க் ஒட்டாதுன்னு ஒரு சாக்கு சொல்றார்.

லேப் தம்பி:

இன்னைக்கு ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, மல்லாக்கப் படுக்க வேண்டாம். திரும்பிடறாருன்னா பழைய பனியன் முதுகுப் பக்கம் ஒரு பாக்கெட் தைச்சு டென்னிஸ் பந்து போடுங்க. கட்டிலோட தலைமாட்டுக் காலுக்கு அடியில செங்கல் வெச்சு உயர்த்துங்க, தலையணையை அடுக்கினா கழுத்து மடங்கி இன்னும் மோசமாகும். மூக்கடைப்பு இருந்தா உப்புத்தண்ணி ஸ்ப்ரே. மது வேண்டாம். தூக்கம் வரலைன்னு மெடிக்கல்ல கேட்டு வாங்குற மாத்திரை கண்டிப்பா வேண்டாம், தொண்டைச் சதையை இன்னும் தளர்த்திடும். இடையில பல்லு, ஹெர்னியான்னு எதுக்காவது மயக்க ஊசி போடறதா இருந்தா இந்த ரிப்போர்ட்டை முன்னாடியே காட்டணும். இதெல்லாம் ஒப்பேத்தல்தான், 38ஐ 5க்குக் கொண்டு வராது.

மீசையை எடுக்க வேண்டாம்! மீசை மேல உட்கார்ற மாஸ்க்னா காத்து கசியலாம், மூக்குத் துவாரத்துலயே பொருந்துற பில்லோ வகை இருக்கு. கடையில உட்கார்ந்துக்கிட்டுப் போட்டுப் பார்க்காம, படுத்து, அழுத்தத்தை 9ல வெச்சு, இப்படியும் அப்படியும் புரண்டு பார்க்கணும். உட்கார்ந்தா ஒட்டற மாஸ்க் படுத்தா ஒட்டாது.

ஈஸ்ட்ஹாம் வாசி:

அட்வான்ஸ் விஷயத்தையும் விட்றாதீங்க. ரசீது, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், அவங்க அனுப்பின மெசேஜ் எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு, தேதி குறிச்சு எழுத்துல ஒரு கெடு கொடுங்க. அசையலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

நெல்லைப் பொண்ணு:

வாடகை மிஷின் வந்தாச்சு. பில்லோ மாஸ்க்தான், மீசை பத்திரம். முதல் ராத்திரி நடுவுல கழட்டிப் போட்டுட்டார். ரெண்டாவது ராத்திரி விடியக்காலம் வரைக்கும் போட்டிருந்தார், குறட்டையே இல்ல, சத்தம் இல்லாததுல எனக்குத்தான் தூக்கம் வரல. காலையில தலைவலி இல்லைன்னார். ஆனா ஏசி போட்டா மூக்குல தண்ணி சொட்டுதுங்கறார். அந்த டீலர் கெடு கொடுத்த அன்னைக்கே கூப்பிட்டு, "மிஷின் நாளைக்கு வந்துடும்"ங்கறார். வாங்கறதா, பணத்தைத் திருப்பிக் கேக்கறதா?

லேப் தம்பி:

தண்ணி சொட்டறது ஏசி குளிர்ல டியூப் குளிர்ந்துபோறதால. ஈரப்பதத்தை ஒரு புள்ளி குறைங்க, டியூப்புக்குத் துணி உறை போடுங்க இல்ல போர்வைக்குள்ள விடுங்க, மிஷினைக் கட்டிலை விடத் தாழ வையுங்க. முழிச்சிருக்கும்போதும் டிவி பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் மாஸ்க்கோட உட்காரட்டும், சீக்கிரம் பழகிடும்.

அந்த மிஷின் வந்தா பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி மேல இருக்கற தயாரிப்புத் தேதி, இறக்குமதியாளர் ஸ்டிக்கர், சீரியல் நம்பர் மூணையும் பில்லோட ஒத்துப் பாருங்க. சீரியல் நம்பர் இல்லாத பில்லுன்னா பணத்தைத் திருப்பிக் கேளுங்க. வாடகை மிஷினைத் திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கற ரிப்போர்ட்டை எடுத்துடுங்க. மிஷின் போட்ட பிறகும் மிச்சம் இருக்கற ஏஎச்ஐ, மாஸ்க்ல காத்துக் கசிவு, தினம் எத்தனை மணி நேரம் போட்டார்ங்கறது அதுல வரும். ஸ்டியரிங்கைத் திரும்ப எப்போ கொடுக்கலாம்னு டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார், உங்க வீட்டுக்காரரோட தம்பி அதுவரைக்கும் ஓட்டட்டும்.