கூகுள் ஷீட்டிலிருந்து அரே: காலியாக வரும் செல்கள்

நண்பர்களே, பெரம்பூர் டிபன் கடைகளைப் பட்டியல் போட்டு, யாரும் பார்க்கும்படி ஒரு கூகுள் ஷீட் வைத்திருக்கிறேன். அதை ஜாவாஸ்கிரிப்ட் அரேயாக (நிரலில் பயன்படும் வரிசைப் பட்டியலாக) மாற்ற வேண்டும்.

முதலில் சிஎஸ்வியாக (செல்களைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) எடுத்து, காற்புள்ளியில் ஸ்ப்ளிட் செய்தேன், அதாவது வெட்டினேன். சென்னை முகவரி சும்மா விடுமா? "புது எண் 31, பழைய எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு" என்ற ஒரே செல் மூன்று துண்டாகி, இட்லி விலை வர வேண்டிய இடத்தில் தெருப் பெயர் உட்கார்ந்துகொண்டது. தப்பு என்னுடையதுதான். மேற்கோள் குறிக்குள் இருக்கும் காற்புள்ளியில் வெட்டக் கூடாது. சிஎஸ்வியைச் சரியாகப் பிரித்துத் தரும் பாப்பா பார்ஸ் நிரலகத்தைப் போட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம் விலைவாரியாக அடுக்க, ஷீட்டின் தரவை நாம் கேட்கும்படி அடுக்கித் தரும் கூகுளின் ஜிவிஸ் இணைப்புக்கு மாறினேன். இப்போது "செட் 40" என்று எழுதிய விலைகள் மட்டும் காலியாக வருகின்றன. ஒரு நெடுவரிசையில் எண் அதிகமிருந்தால் எழுத்தை விட்டுவிடுமாம். எல்லாவற்றையும் உரையாக மாற்றினால், முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கி, 40க்கு முன்னால் 100 வந்து நிற்கும். ஷீட்டைத் திருத்தாமல், ஏபிஐ கீ (கூகுளிடம் வாங்கும் அணுகல் சாவி) இல்லாமல் வேறு வழி உண்டா?