கார்ட் மாறும்போது எதைப் பிடித்துக்கொள்வது? ஏடா, காதா?

ஆல்டோ மாணவன்:
ஆல்டோ சாக்சபோன் கற்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எழுதியிருக்கும் மெட்டைப் பிசகாமல் வாசித்துவிடுவேன். ஆறு மாதமாக ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற ஜாஸ் பாடல் மீது சொந்தக் கற்பனையில் வாசிக்கப் பழகுகிறேன். என் ஆசிரியர் ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) ஒரு ஸ்கேல் (சுர வரிசை) எழுதிக் கொடுத்தார். ஏ மைனர் செவன்த் என்ற கார்ட் வந்தால் ஏ டோரியன் என்ற ஸ்கேல், டி செவன்த் வந்தால் டி மிக்சோலிடியன், இப்படியே போகிறது. எல்லாம் மனப்பாடம். ஆனால் பின்னணி ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்தால் படிக்கட்டில் ஏறி இறங்குவதுபோல இருக்கிறது. முதல் 16 பார் (நான்கு தட்டுக்கு ஒரு பார்) முடிந்ததும் எங்கே நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. இன்னும் சாதகம் செய்தால் சரியாகுமா, வழியே தவறா?

டெனர்காரன்:
வழியில்தான் சிக்கல். ஏ டோரியன், டி மிக்சோலிடியன், ஜி மேஜர், சி லிடியன், எஃப் ஷார்ப் லோக்ரியன் ஆகிய ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஐந்திலும் இருப்பவை அதே ஏழு சுரங்கள். ஒரே பொருளுக்கு ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். கார்ட் மாறியதைக் கேட்பவர் எப்படி உணர்வார்?

ஸ்கேலை ஒரு மாதம் மூடி வையுங்கள். ஒவ்வொரு கார்டிலும் அடிச்சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும்தான் அதன் குணத்தைச் சொல்பவை. முதல் எட்டு பாருக்கு ஆல்டோவில் இப்படி நீளச் சுரமாக வாசியுங்கள்: ஏ மைனரில் சி, டி செவன்தில் சி, ஜி மேஜரில் பி, சி மேஜரில் பி, எஃப் ஷார்ப் அரை டிமினிஷ்டில் ஏ, பி செவன்தில் ஏ, கடைசியில் ஈ மைனரில் ஜி. சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி. வேறு எதுவும் வேண்டாம். பின்னணியில் பியானோ இல்லாமலேயே பாடலின் நடை தெரியும்.

அடுத்து இன்னொரு இழை: ஜி, எஃப் ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, ஈ, டி ஷார்ப், ஈ. அந்த டி ஷார்ப்பைக் கவனியுங்கள். இந்த எட்டு பாரின் கார்டுகளில் ஜி மேஜர் ஸ்கேலுக்கு வெளியே இருந்து வரும் சுரம் அது ஒன்றுதான். அது ஆறாவது பாரில் ஒலித்தால்தான் ஈ மைனர் வீடு திரும்பியதாகக் கேட்கும். ஸ்கேலை ஓட்டிக்கொண்டிருந்தால் டி ஷார்ப் வரவேண்டிய இடத்தில் டியை வாசித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

காதுவழி:
டெனர்காரர் ஒரு ஏட்டுக்குப் பதில் இன்னொரு ஏட்டைக் கொடுத்திருக்கிறார். நண்பரே, நீங்கள் கடைசியாக எந்த சோலோவை (ஒரு கலைஞரின் தனிக் கற்பனை வாசிப்பை) தொடக்கம் முதல் முடிவு வரை பாடினீர்கள்? வாசிக்கச் சொல்லவில்லை, பாடச் சொல்கிறேன்.

ஆல்டோ மேதை சார்லி பார்க்கர் 1937 கோடையில் கான்சாஸ் சிட்டியை விட்டு ஓசார்க் மலைப்பகுதிக்கு ஒரு இசைக்குழுவோடு வேலைக்குப் போனபோது டெனர் சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை எடுத்துச் சென்றார். அவற்றைச் சுரம் சுரமாகக் கற்றுத் திரும்பியபோது வேறு ஆளாக இருந்தார். ஜாஸ் பியானோ ஆசிரியர் லென்னி டிரிஸ்டானோ தன் மாணவர்களிடம் முதலில் சோலோவைப் பாடிக் காட்டச் சொல்வார், பிறகுதான் கருவி. ஆல்டோ கலைஞர் லீ கோனிட்ஸ் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். ஒரு மொழியைப் பேசக் கற்பவன் இலக்கணத்தில் தொடங்குவதில்லை. மூன்றாவது சுரம், ஏழாவது சுரம் என்று எண்ணிக்கொண்டே வாசித்தால் அந்த எண்ணிக்கை ஒவ்வொரு வரியிலும் காதில் விழும். அதை நான் பத்து ஆண்டு அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

டெனர்காரன்:
அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே கோடையில், அதே குழுவில் இருந்த பியானோ கலைஞரிடமும் கிட்டார் கலைஞரிடமும் பார்க்கர் கார்டுகளைக் கற்றுக்கொண்டார். இசைத்தட்டு மட்டும் அவரை உருவாக்கவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் நாளொன்றுக்கு 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாக 1954ல் சக ஆல்டோ கலைஞர் பால் டெஸ்மண்டிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

1959ல் பதிவான, டெனர் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ஜெயன்ட் ஸ்டெப்ஸ்’ கேளுங்கள். பி, ஜி, ஈ ஃபிளாட் என்று மூன்று சுருதிகளுக்கு நடுவே வேகமாகத் தாவும். அதில் பியானோ வாசித்த டாமி ஃப்ளனகனின் காது சாதாரணக் காதா? அவருடைய சோலோவே அங்கே தயங்கித் தயங்கித்தான் போகிறது. அந்தப் பாதையை முன்பே திரும்பத் திரும்ப வாசித்து வைத்திருந்த கோல்ட்ரேன் பாய்ந்து செல்கிறார்.

காதுவழி:
மூன்றாண்டு மாணவருக்கு ‘ஜெயன்ட் ஸ்டெப்ஸ்’ எதற்கு? இந்தச் சண்டை நம்மோடு தொடங்கியதும் இல்லை. டெனர் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939ல் ‘பாடி அண்ட் சோல்’ வாசித்தார். மெட்டை லேசாகத் தொட்டுவிட்டு, ஒவ்வொரு கார்டையும் பிரித்துப் பிரித்துக் கட்டினார். லெஸ்டர் யங் அப்படி அல்ல. கார்டுகளின் தலைக்கு மேல் ஒரே பாட்டாகப் போவார். இரண்டுமே மேதைமை, மறுக்கவில்லை. ஆனால் யங்கின் வரியை இன்று கேட்டால் நாளையும் பாடலாம். வாயால் பாட முடியாத வரியை மாணவர் வாசிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாய்ப்பாட்டுக்காரி:
கர்நாடக இசையில் 20 ஆண்டு பாடிவிட்டு சாக்சபோனுக்கு வந்தவள் நான். எனக்கு இதை விளங்க வைத்தது கிரக பேதம்தான், அதாவது ஆதார சுரத்தை மாற்றி அதே சுரங்களில் வேறு ராகம் காண்பது. ஜி மேஜர் நமக்குச் சங்கராபரணம். அதன் ரிஷபத்தை ஆதாரமாக வைத்தால் கரகரப்ரியா, அதுவே ஏ டோரியன். பஞ்சமத்தை வைத்தால் அரிகாம்போதி, டி மிக்சோலிடியன். மத்தியமத்தை வைத்தால் கல்யாணி, சி லிடியன். டெனர்காரர் சொன்ன ‘அதே ஏழு சுரங்கள்’ இதுதான். ஆனால் அவர் முடிவை நான் ஏற்கவில்லை. அதே ஏழு சுரம் என்பதற்காகக் கரகரப்ரியாவும் கல்யாணியும் ஒன்றாகிவிடுமா? ஆதாரம் மாறினால் ஒவ்வொரு சுரத்தின் உறவும் மாறுகிறது. ஏ மைனரில் சாதுவாக இருக்கும் சி, டி செவன்தில் இறங்கத் துடிக்கிறது.

எனக்குக் கடினமாக இருந்தது வேறு. எங்களுக்குத் தம்புராவின் சட்ஜம் நகராது. கத்ரி கோபால்நாத் இதே ஆல்டோவில் ராகத்தை அப்படித்தான் நிலைநிறுத்தினார். 2008ல் ஜாஸ் ஆல்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு அவர் செய்த ‘கின்ஸ்மென்’ இசைத்தொகுப்பைக் கேட்டால் இரண்டு உலகமும் அருகருகே தெரியும். ஜாஸில் காலடித் தரை பாருக்குப் பார் நகர்கிறது. அதனால் தம்பி, கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கார்டின் அடிச்சுரத்தையும் பாடுங்கள்: ஏ, டி, ஜி, சி, எஃப் ஷார்ப், பி, ஈ. அது காதில் உட்கார்ந்த பிறகு டெனர்காரரின் இழையை அதன் மேல் பாடுங்கள். கல்பனா சுரம் பாடும்போது எடுப்புக்கு வந்து சேர்வோமே, அதே கணக்கில் அடுத்த பாரின் முதல் தட்டில் வந்து இறங்குங்கள்.

டெனர்காரன்:
உறவு மாறுகிறது என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேலை ஏறி இறங்கும் மாணவர் அந்த உறவைக் கேட்பதில்லை என்பதுதான் என் வாதம். அதற்காகவே மூன்றையும் ஏழையும் முதலில் கொடுக்கிறேன்.

ஆல்டோ மாணவன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் வாரம் அடிச்சுரத்தை மட்டும் பாடினேன். இரண்டாவது வாரம் சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி. மெட்ரோனோமை (தட்டு எண்ணும் கருவி) நிமிடத்துக்கு 80ல் வைத்தேன். ஆறாவது பாரில் டி ஷார்ப் ஒலித்த நாளில் மூன்று முறை நிறுத்தி மறுபடி வாசித்தேன். அந்த இழுப்பு இத்தனை நாள் பியானோவில் இருந்திருக்கிறது, நான் கேட்கவே இல்லை.

இடம் தொலைவதற்கும் காரணம் கிடைத்தது. முதல் எட்டு பாரில் மேஜர் முடிவு (ஜி மேஜரில் வந்து நிற்பது) முதலில், மைனர் முடிவு (ஈ மைனரில் நிற்பது) பிறகு. 17வது பாரில் இந்த வரிசை புரள்கிறது. மைனர் முடிவு முன்னால் வந்துவிடுகிறது. அடிச்சுரத்தைப் பாடியதால்தான் அது பிடிபட்டது.

காதுவழி ஐயா சொன்னபடி லெஸ்டர் யங் 1936ல் வாசித்த ‘லேடி பி குட்’ சோலோவைப் பாடத் தொடங்கியிருக்கிறேன். எட்டு பார் வந்திருக்கிறது.

காதுவழி:
எழுதி வைக்காதீர்கள். முழுவதும் பாட வந்த பிறகு ஆல்டோவில் தேடுங்கள். யங் டெனர் சாக்சபோனில் வாசித்தார், விரல் வேறு விழும். கவலை வேண்டாம், காது சொல்லும்.

டெனர்காரன்:
எழுதி வையுங்கள். எந்தச் சுரம் எந்தக் கார்டின் மேல் விழுகிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இந்த ஒன்றில் நானும் இவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

ஆல்டோ மாணவன்:
முதல் எட்டு பாரை எழுதாமல், அடுத்த எட்டை எழுதிப் பார்க்கிறேன். எது மாதக் கடைசியில் விரலில் நிற்கிறது என்று இங்கேயே சொல்கிறேன். அதுவரை ஒரு கேள்வி: ‘ஆட்டம் லீவ்ஸ்’ 27, 28வது பார்களில் கார்ட் பாருக்கு இரண்டாக வருகிறது. அங்கே இழையை இரண்டு தட்டுக்கு ஒரு சுரமாகச் சுருக்குவதா, ஒரு சுரத்தை விட்டுவிடுவதா?