ப்ளூ ஸ்கிரீன் வந்ததும் ரேமை மாற்றாதீர்கள், மினிடம்ப்பைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் தொழில். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை பில்லிங் மெஷினில் பார்த்ததைச் சொல்கிறேன், இதே தொல்லைக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆடித் தள்ளுபடி நேரம். கூட்டம் நெருக்கும்போதுதான் திரை நீலமாகும், என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். வேறொருவர் வந்து ரேம் மாற்றி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பாகம்) மாற்றி, ஃபார்மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். நின்றபாடில்லை. "புதுசாவே ஒண்ணு வாங்கிடட்டுமா தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர். கொஞ்சம் பொறுங்கண்ணே என்றேன்.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு சின்ன ஃபைல் அதில் சேர்ந்திருக்கும். ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச டூலில் திறந்தால் போதும். எல்லா ஃபைலிலும் ஒரே எரர் கோட் (பிழைக் குறியீடு), டி1, அதாவது 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. பக்கத்திலேயே ஒரே எஸ்ஒய்எஸ் ஃபைலின், அதாவது டிரைவர் ஃபைலின், பெயர். அது யூஎஸ்பி வைஃபை டாங்கிளின் (வைஃபைக்காக யூஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி) டிரைவர், அதாவது அந்தக் கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர். இந்த மாதிரி டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுவது, தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் விண்டோஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

மாடியில் இருக்கும் சர்வருக்கு ஒவ்வொரு பில்லும் அந்த டாங்கிள் வழியாகத்தான் போகிறது, அதனால்தான் கூட்ட நேரத்தில் மட்டும் படுத்தியது. ஃபார்மட் அடித்தும் ஏன் போகவில்லை என்றால், டாங்கிளோடு வந்த அதே சிடியிலிருந்து அதே டிரைவரைத்தான் திரும்பப் போட்டிருக்கிறார்கள்! டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுத்தேன், டிரைவர் சாஃப்ட்வேரையும் அழிக்கச் சொல்லும் டிக்கோடு (அது இல்லாவிட்டால் மறுபடி செருகியதும் பழைய டிரைவரே வந்து உட்காரும்). அப்புறம் டாங்கிளே வேண்டாம் என்று மாடியிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிட்டேன். சீசன் முழுக்க ஒரு நீலத்திரை இல்லை.

ரேம் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எரர் கோட், வேறு வேறு ஃபைல் வரும், அப்போது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் டூலை ஓட்டுங்கள். ஒரே எஸ்ஒய்எஸ் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரைப் பிடியுங்கள். வாடிக்கையாளர் காசில் பாகம் மாற்றிப் பார்ப்பது சரியில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து:

நல்ல பதிவு அண்ணா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டம்ப்பில் விண்டோஸின் சொந்த ஃபைல் பெயர் வந்தால் வேறொரு டிரைவர் செய்த தப்பில் அது சும்மா மாட்டிக்கொண்டது என்று எப்போதும் ஒதுக்கிவிட முடியாது. 2021 மார்ச்சில் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்டுக்குப் பிறகு சில பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்தவுடன் நீலத்திரை வந்தது, அதில் காட்டிய ஃபைல் வின்32கேஃபுல். சில நாட்களில் மைக்ரோசாஃப்டே அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அதனால் கிராஷ் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன அப்டேட் ஏறியது என்பதையும் பாருங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

என் நண்பன் வீட்டிலேயே கானா ரெக்கார்டிங் பண்ணுகிறான். டேக் நடுவில் கிராஷ், பாடினதெல்லாம் போச்சு. டம்ப்பில் விண்டோஸின் சொந்தக் கெர்னல் ஃபைலான என்டிஓஎஸ்கர்னல் மட்டும்தான் இருந்தது, அதை வைத்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் டிரைவர் வெரிஃபையரை ஓட்டினோம், மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து. அது டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கிப் பிடிக்கும், தப்பு செய்வது எதுவோ அது பெயரோடு மாட்டும். மாட்டியது ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) டிரைவர். பழைய வெர்ஷனுக்கு மாறினோம், இப்போது மணிக்கணக்கில் ரெக்கார்டிங் ஓடுகிறது.

ஆனால் வெரிஃபையர் போட்டபின் டெஸ்க்டாப் வருவதற்கு முன்பே திரும்பத் திரும்ப கிராஷ் ஆகலாம், எங்களுக்கு ஆனது. பயப்படாமல் சேஃப் மோடுக்குப் போய், கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, வெரிஃபையர் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு ஸ்லாஷ் ரீசெட் கொடுங்கள், பிறகு ரீஸ்டார்ட். வேலை முடிந்ததும் இதை மறந்துவிட்டால் மெஷின் சும்மாவே மெதுவாகத்தான் ஓடும்.