பட்டுப்புழுவுக்கு இதயம் முதுகில் இருப்பது ஏன்?

கேள்வி
பதிவிட்டவர்: மல்பெரித்தோட்டம் (உடுமலைப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு அருகில் இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்து வெண்பட்டுப்புழு வளர்த்து வருகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாக இதே தொழில் என்பதால் புழுவுக்குத் தழை போடுவதும், தோலுரிக்கும் நாளில் சுண்ணாம்புத்தூள் தூவுவதும், பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டான நெட்ரிகாவில் விடுவதும் எனக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டன. ஆனால் புழுவை ஓர் உயிராக உற்றுப் பார்த்தது சென்ற வாரம்தான், அதுவும் என் மகளால்.

அவள் பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் படிக்கிறாள். கூடு கட்டுவதற்கு இரண்டு நாள் இருந்த புழு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதன் முதுகைப் பாருங்கள்" என்றாள். முதுகின் நடுவே, தோலுக்கடியில், சாம்பல் நிறக் கோடு ஒன்று வால்பக்கமிருந்து தலையை நோக்கி அலை அலையாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அதுதான் இதன் இதயம் என்று சொன்னவள், பாடநூலை எடுத்துவந்து காட்டினாள். மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை ஆகிய மூன்றின் உடலமைப்பும் அதில் விளக்கமாக உள்ளன. மண்புழுவிலும் கரப்பான்பூச்சியிலும் இரத்தத்தைத் தள்ளும் குழாய் முதுகுப்புறம் இருக்கிறது. நரம்பு வடம் வயிற்றுப்புறம் ஓடுகிறது. தவளையில் தண்டுவடம் முதுகிலும் இதயம் மார்புப் பக்கமும் இருக்கின்றன. குடல் மட்டும் எல்லாவற்றிலும் நடுவில். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டதற்கு, அது தேர்வுக்கு வராது என்ற பதில்தான் கிடைத்ததாம். எனக்கும் விடை தெரியவில்லை.

முதுகெலும்புள்ளவையும் இல்லாதவையும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு அச்சில் வார்க்கப்பட்டவையா, அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்று எங்கேனும் புரண்டுபோனதா? விவரம் அறிந்தவர்கள் அவளுக்குப் புரியும்படி எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1
பதிவிட்டவர்: பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தங்கள் அம்மிணி கேட்டது இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் மோதிக்கொண்ட கேள்வி என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

பிரான்சில் எத்தியேன் ஜெஃப்ருவா சாந்திலேர் என்ற விலங்கியலறிஞர் 1822ஆம் ஆண்டு கடல் இறால் வகை ஒன்றை அறுத்து, மல்லாக்கக் கிடத்திப் பார்த்தார். அப்படிக் கிடத்தியதும் நரம்பு வடம் மேலே, குடல் நடுவே, இதயம் கீழே என்று பாலூட்டியின் உடலில் உள்ள வரிசையே அதிலும் தெரிந்தது. அதிலிருந்து, விலங்குகள் அனைத்துக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே என்று அவர் வாதிட்டார். அவருடைய சகாவான கூவியே விலங்குலகை ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு பெரும் பிரிவுகளாகப் பிரித்தவர். ஒரு பிரிவின் அமைப்பை இன்னொன்றோடு பொருத்துவதை அவர் ஏற்கவே இல்லை. 1830இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இருவரும் வெளிப்படையாகவே வாதாடினார்கள். அன்று கூவியேயின் கை ஓங்கியது, ஏனெனில் ஜெஃப்ருவாவிடம் ஒப்புமை இருந்ததே தவிர, அது ஏற்பட்ட வழியைக் காட்டும் சான்று இல்லை.

அந்தச் சான்று வர 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழ ஈயின் கரு வளரும்போது அதன் முதுகுப்பக்கச் செல்கள் டி.பி.பி. என்ற புரதத்தைச் சுரக்கின்றன. வயிற்றுப்பக்கம் சாக் என்ற மற்றொரு புரதம் சுரந்து, டி.பி.பி.யின் வேலையை அங்கே நடக்கவிடாமல் தடுக்கிறது. தடை உள்ள இடத்தில் நரம்பு உருவாகிறது, டி.பி.பி. மிகுந்துள்ள முதுகில் இதயம் உருவாகிறது. தவளையிலும் இதே ஜோடி உண்டு. டி.பி.பி.க்கு இணையானது பி.எம்.பி.4, சாக்குக்கு இணையானது கார்டின். ஆனால் தவளைக் கருவில் பி.எம்.பி.4 வயிற்றுப்பக்கத்திலும் கார்டின் முதுகுப்பக்கத்திலும் வேலை செய்கின்றன. 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஈயின் சாக் மூலக்கூறை ஆப்பிரிக்க நகத்தவளையின் கருவில் வயிற்றுப்பக்கம் செலுத்தியபோது, அங்கே முதுகுப்பக்கத்துக்குரிய திசுக்கள் உருவாயின. ஈக்கு வயிற்றைக் குறித்த மூலக்கூறு தவளைக்கு முதுகைக் குறித்தது. ஜெஃப்ருவா இறாலைப் புரட்டிப் போட்டுக் கண்டதைத்தான் இந்த ஆய்வும் வேறு வழியில் காட்டியது.

இரத்தம் ஓடும் திசையையும் அவளைக் கவனிக்கச் சொல்லுங்கள். மண்புழுவின் முதுகுக் குழாயில் இரத்தம் தலையை நோக்கி ஓடுகிறது, வயிற்றுக் குழாயில் வாலை நோக்கி. மீனில் வயிற்றுப்பக்கமுள்ள இதயம் இரத்தத்தை முன்னோக்கித் தள்ள, முதுகுத் தமனி வழியாக அது பின்னோக்கிச் செல்கிறது. மண்புழுவின் படத்தை மேல்கீழாகத் திருப்பினால் உறுப்புகளின் இடத்தோடு ஓட்டத்தின் திசையும் மீனோடு பொருந்திவிடும்.

இதயத்தின் கதை இன்னும் நெருக்கமானது. ஈயில் டின்மேன் என்ற மரபணு இல்லாவிட்டால் இதயமே உருவாவதில்லை என்று 1993இல் கண்டறிந்தார்கள். அதன் உறவுமுறை மரபணு ஒன்று நம்மிடமும் உண்டு. அதில் பழுது நேர்ந்த சில குடும்பங்களில் குழந்தைகள் இதயச் சுவரில் துளையோடு பிறக்கிறார்கள். ஆகவே தங்கள் உள்ளங்கையில் துடித்த அந்தக் கோட்டுக்கும் நம் நெஞ்சுக்குள் துடிப்பதற்கும் ஒரே பூர்வீகம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு திருத்தம். முதுகெலும்பில்லாதவை என்பது ஒரு குலத்தின் பெயர் அன்று. முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குத் தொகுதிகளில், முதுகுநாணிகள் என்ற ஒரே தொகுதியின் ஒரு பகுதிதான் முதுகெலும்புள்ளவை. எஞ்சிய அனைத்தையும் ஒரே கூடையில் போட்டு வைத்த பெயர்தான் அது. நட்சத்திர மீனுக்கு மண்புழுவைவிட நாமே நெருங்கிய உறவு. அதன் கருவில் முதலில் தோன்றும் துளை நமக்கு ஆவது போலவே மலவாயாக ஆகிறது. வாய் பின்னர் வேறிடத்தில் திறக்கிறது. முதிர்ந்த பின் ஐந்து கைகளோடு இருந்தாலும், அதன் இளவுயிரி இடம் வலம் ஒத்த உடலோடுதான் கடலில் நீந்துகிறது.

எப்படிப் புரண்டிருக்கும் என்று அவள் கேட்பாள். தோட்டத்துக் கிணற்றில் மல்லாந்து நீந்தும் சிறு பூச்சிகளைக் காட்டுங்கள். முதுகுநீச்சல் பூச்சி என்பார்கள். வானத்தைப் பார்ப்பது அதன் வயிறு. மற்றப் பூச்சிகளுக்கு முதுகு கருத்து வயிறு வெளுத்திருக்க, இதற்கு வயிறு கருத்து முதுகு வெளுத்திருக்கும். வாழும் முறை மாறினாலே ஓர் உயிர் புரண்டு வாழத் தொடங்கும் என்பதற்கு அது கண்ணெதிரே உள்ள சாட்சி. நம் முன்னோர் புரண்டது மிகப் பழைய காலத்தில். சீனாவின் யுனான் மாகாணத்தில் செங்ஜியாங் என்ற இடத்துப் பாறைகள் ஏறத்தாழ 51.8 கோடி ஆண்டுப் பழமையுடையவை; அவற்றில் கணுக்காலிகளோடு தாடையற்ற மீன் போன்ற உயிர்களும் புதைபடிவங்களாகக் கிடைத்துள்ளன. இரண்டு உடலமைப்புகளும் அதற்குள் நிலைபெற்றுவிட்டன.

பதில் 2
பதிவிட்டவர்: சோலைவழி (வால்பாறை)

பேராசிரியர் ஐயா எழுதியதோடு எங்கள் பக்கத்து உயிர் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மழைக்காலத்தில் ஏலக்காய்க் காட்டில் மக்கிய இலைகளைக் கிளறும்போது, மண்புழு போலவே உடல் முழுவதும் வளையங்களுடன், முழங்கை நீளத்தில், வழவழப்பான ஒன்று வெளிப்படும். தொழிலாளர்கள் அதைப் பெரிய மண்புழு என்று ஒதுக்குவார்கள், அல்லது குருட்டுப் பாம்பு என்று அடித்துவிடுவார்கள். அது சிசிலியன் எனப்படும் காலில்லாத இருவாழ்வி, தவளையின் உறவினம்.

ஒருமுறை மண்வெட்டி பட்டு இறந்துபோன ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்கள் தோலுக்கடியில் இரு புள்ளிகளாக மட்டும் தெரிந்தன. வாயைத் திறந்ததும் தாடையில் வரிசையாகக் கூரிய சிறு பற்கள். வெட்டுப்பட்ட இடத்தில் முதுகுப்பக்கம் வெள்ளையாக முதுகெலும்பு தெரிந்தது. மண்ணைத் துளைத்து வாழ்வதற்கு ஏற்ற வெளித்தோற்றம் இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டது. உள்ளே மண்புழுவுக்கு நரம்பு வடம் வயிற்றுப்புறமும் இதற்குத் தண்டுவடம் முதுகுப்புறமும் ஓடுகின்றன. தங்கள் மகளிடம் யாரேனும் வளையங்களை எண்ணி இனம் பிரிக்கச் சொன்னால், வளையத்தை நம்ப வேண்டாம், நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார் என்று சொல்லுங்கள். இதைக் கண்டால் அடிக்க வேண்டாம் என்றும் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முட்டைகளைத் தாய் உடலால் சுற்றி அணைத்துக் காக்கும் உயிர் அது.

பதில் 3
பதிவிட்டவர்: நொய்யல் (கோயம்புத்தூர்)

கருவளர்ச்சி மரபியலில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். ஐயா எழுதியவற்றில் மேல்கீழ் அச்சு புரண்டது என்ற பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நரம்பு வடத்தையும் அதே மூச்சில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

காரணம், அரைநாணிகள் என்ற கடற்புழுத் தொகுதி. அதைச் சேர்ந்தவையாக, நம் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் மணலுக்குள் வாழும் பலனோகுளோசஸ் வகைப் புழுக்களைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவை மண்புழுவைவிட நமக்கு நெருக்கமானவை. ஆயினும் அவற்றின் முதுகுக் குழாயில் இரத்தம் மண்புழுவில் போலவே முன்னோக்கி ஓடுகிறது, பி.எம்.பி. புரதமும் ஈயில் போலவே முதுகுப்பக்கம் சுரக்கிறது. அதாவது அவை புரளவில்லை. நட்சத்திர மீனும் இவையும் பிரிந்து சென்ற பிறகு, முதுகுநாணிகளின் கிளையில் மட்டுமே புரட்டல் நடந்தது என்பதற்கு இது வலுவான ஆதாரம். இதுவரை ஐயாவின் பக்கம்தான் நிற்கிறேன்.

சிக்கல் அடுத்ததில் இருக்கிறது. அந்தப் புழுவின் நரம்புகள் தோலடியில் வலைபோல் உடல் முழுவதும் பரவியிருக்கின்றன; முதுகிலும் வயிற்றிலும் ஆளுக்கொரு வடமும் உண்டு. பி.எம்.பி. மிகுந்த இடத்திலும் நரம்பு வளர்கிறது என்று 2006இல் காட்டினார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு பல்வேறு புழு இனங்களின் கருக்களை ஒப்பிட்டு, நரம்பு வடத்தை வகுக்கும் மரபணு ஒழுங்கு எல்லாக் கிளைகளிலும் ஒன்றாக இல்லை என்று கண்டது. எனவே பொது மூதாதைக்கு முதுகு வயிறு என்ற வேறுபாடு இருந்தது. வடமாகத் திரண்ட நரம்பு இருந்ததா என்பது இன்னும் வழக்கில் உள்ளது. பரவிக் கிடந்த வலை ஒரு கிளையில் வயிற்றுப்பக்கமும் மற்றொரு கிளையில் முதுகுப்பக்கமும் தனித்தனியே திரண்டிருக்கலாம். என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

புரண்டால் வாயும் மேலே போயிருக்க வேண்டுமே, நமக்கு ஏன் கீழ்ப்பக்கம் இருக்கிறது என்ற கேள்வியும் எழும். முதுகுநாணிகளில் மிக எளிய உடலுடைய ஆம்பியாக்சஸின் இளவுயிரிக்கு வாய் இடப்பக்கத்தில் திறக்கிறது. வாய் தன் பழைய இடத்தை விட்டு நகர்ந்தது என்பதற்கு அது தடயம் என்று கருதுவோர் உண்டு.

பதில் 4
பதிவிட்டவர்: பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

தம்பி, தங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். இதயமும் அச்சும் குறித்து நான் சொன்ன உறுதியை நரம்பு வடத்துக்கு நீட்டியிருக்கக் கூடாது.

அம்மா, பட்டுப்புழுவையே வைத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதுகு வயிறு புரண்டதே தவிர, தலை வால் வரிசை புரளவில்லை. உடலின் எந்தக் கண்டம் எதுவாக வேண்டும் என்று குறிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் ஈயிலும் எலியிலும் மனிதரிலும் வேலை செய்கின்றன. தங்கள் புழுவின் மார்பில் மூன்று ஜோடி கூர்மையான கால்கள், வயிற்றில் நான்கு ஜோடி சதைக்கால்கள், வாலில் ஒரு ஜோடி, எட்டாம் வயிற்றுக் கண்டத்தின் மேல் கொம்பு என்ற ஒழுங்கு அவற்றால் அமைவது. ஜப்பானியர் நெடுங்காலம் பேணிவந்த பட்டுப்புழு மரபுகளில் ஒன்றில் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் இரண்டு இழந்துபோனதால், கருவிலேயே வயிற்றுக் கண்டங்கள் மார்புக் கண்டங்களாக மாறி, மார்புக்கால்களை முளைக்கவிட்டு இறந்துபோகின்றன.

இன்னொன்றும் உண்டு. கூட்டுப்புழுவிலும் அந்துப்பூச்சியிலும் இந்த முதுகு இதயம் அவ்வப்போது திசையை மாற்றி, தலையிலிருந்து வாலை நோக்கியும் துடிக்கும். பத்துக் கூடுகளை விற்காமல் வைத்திருந்தால் அம்மிணி பார்க்கலாம்.

பதில் 5
பதிவிட்டவர்: மல்பெரித்தோட்டம் (உடுமலைப்பேட்டை)

ஐயாவுக்கும், வால்பாறை அன்பருக்கும், ஆய்வு மாணவருக்கும் எங்கள் இருவரின் நன்றி. எல்லாப் பதில்களையும் மகள் இரண்டு முறை படித்து, தவளைப் படத்தைத் தலைகீழாக வரைந்து, கரப்பான்பூச்சியின் படத்துக்குப் பக்கத்தில் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறாள். நரம்பு வடத்துக்கு நேரே மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

நேற்று மாலை கிணற்றில் மீன்வலைத் துணியால் அள்ளி, முதுகுநீச்சல் பூச்சிகள் மூன்றைக் கண்ணாடிக் குடுவையில் விட்டோம். ஐயா சொன்னபடியே வயிறு கருத்தும் முதுகு வெளுத்தும் இருந்தன. பின்னங்கால்கள் இரண்டையும் துடுப்புபோல் வீசி, மல்லாந்தபடியே அடிக்குப் போய், மறுபடி மேலே வந்து நின்றன. பார்த்துவிட்டுக் கிணற்றிலேயே விட்டுவிட்டோம்.

இன்று காலை புழுக்கள் பழுத்துவிட்டன. உடல் கண்ணாடிபோல் ஆனதால் முதுகுக் கோட்டின் துடிப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சந்தைக்கு அனுப்பும் மூட்டையிலிருந்து பத்துக் கூடுகளை ஒதுக்கி வைக்க மகளின் தந்தையும் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்துப்பூச்சி வெளிவந்ததும் துடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து இங்கேயே எழுதுகிறோம்.