புதுப்பிப்பு: பல்லாங்குழியும் மரக்கரண்டியும்

ஆட்டிசம் உள்ள என் ஏழு வயது மகன் விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருப்பதில்லை, வீட்டிலேயே எப்படிப் பழக்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் இப்போது தினமும் மாலை பாட்டியோடு பல்லாங்குழி. மரக்கரண்டி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் ஆடலாம். ஐந்தே நிமிடம், அலுக்கும் முன்பே எடுத்து வைத்துவிடுவோம்.

அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதை முறையும் உதவுகிறது; ஒரு சூழலில் என்ன நடக்கும், என்ன செய்யலாம் என்று குழந்தைக்குச் சொல்லும் சின்னக் கதை அது. “பாட்டி சோழி போடும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்று அவன் சொல்வதுபோல் எழுதி, படம் ஒட்டி, ஆட்டத்துக்கு முன் படிக்கிறோம். அப்புறம், கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்துவதை அடியோடு விட்டுவிட்டேன். அது அவனுக்கு வேதனை.

நேற்று அவனாகவே கரண்டியை நீட்டி, “பாட்டி, உங்க முறை” என்றான். அடுத்து கீழ்வீட்டுப் பையனை, அவன் ஒருவனை மட்டும், கூப்பிடப்போகிறேன்.