கலைச்சொல் விவாதம்: இன்டர்செப்ஷன் – மறிப்பா, பறிப்பா, பறிகொடுப்பா?

மடல் 1 – டெக்சஸ், தமிழ்ப்பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வாரயிறுதித் தமிழ்ப்பள்ளியின் ஆண்டுவிழாவில் ஆறாம் நிலைப் பிள்ளைகள் பட்டிமன்றம் பேசுகிறார்கள். தலைப்பு அவர்களே எடுத்தது. 2015 பிப்ரவரி 1 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் சியாட்டில் தோற்ற பழி யாருக்கு: எறிந்தவருக்கா, வாங்க ஓடியவருக்கா, எறியச் சொன்ன பயிற்சியாளருக்கா?

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசோனா மாநிலம், கிளெண்டேல். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. மிச்சம் 26 நொடி. பந்து சியாட்டிலிடம், இலக்குக் கோட்டைத் தொட ஒரே ஒரு யார்டு. சற்று முன்புதான் சியாட்டிலின் மார்ஷான் லின்ச் பந்தோடு முட்டிமோதி நான்கு யார்டு முன்னேறியிருந்தார். மறுபடி அவர் கையிலேயே கொடுப்பார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. பந்தை எறியும் ஆட்டக்காரரான குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிந்தார், தன் அணியின் ரிக்கார்டோ லாக்கெட்டை நோக்கி. நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். கோப்பை போயிற்று.

எனக்கு வேண்டியது இரண்டு சொல். ஒன்று, இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்தை எதிரணிக்காரர் இடையில் பிடித்துக்கொள்வது. இரண்டு, அதை ஒருவர் பெயரில் ஏற்றி எழுதுவதற்கு. வியாழன் இரவு அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது.

மடல் 2 – சென்னை, மொழிபெயர்ப்பாளர்

அக்கா, முதல் சொல்லுக்கு விவாதமே வேண்டாம். இடைமறிப்பு. "இடைமறி ஏவுகணை" என்று நாளிதழ்கள் எழுதுகின்றன, எல்லாருக்கும் புரிகிறது. பிடிக்கவில்லையென்றால் இன்டர்செப்ஷன் என்றே விட்டுவிடுங்கள். வீட்டில் அப்பாவோடு ஆட்டம் பார்க்கும் பிள்ளை அந்தச் சொல்லைத்தான் சொல்கிறது. கிரிக்கெட்டுக்கும் விக்கெட்டுக்கும் நாம் தமிழ் தேடிக்கொண்டா ஆட்டம் பார்த்தோம்?

மடல் 3 – சியாட்டில், மென்பொருளாளர்

அந்த ஆட்டத்தை இந்த ஊரிலிருந்து பார்த்தவன். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

இடைமறிப்பு தவறான சொல். மறித்தல் என்றால் தடுத்து நிறுத்துவது. சாலை மறியலில் வண்டி நிற்கிறது, யாரும் அதை எடுத்துப்போவதில்லை. எறிந்த பந்தைத் தட்டித் தரையில் விழவைத்தாலும் மறிப்புதான், அதற்குப் புள்ளிவிவரத்தில் வேறு பத்தி இருக்கிறது. இன்டர்செப்ஷனில் பந்து கைமாறுகிறது. எதிரணிக்காரர் அதை எடுத்துக்கொண்டு நம் பக்கமே ஓடி வரலாம்.

இரண்டும் ஒரே எறிதலில் நடந்ததும் உண்டு. 2014 ஜனவரி 19, இதே சியாட்டில். சான் பிரான்சிஸ்கோவின் காலின் கேப்பர்னிக் மூலைக்கு எறிந்த பந்தைச் சியாட்டிலின் ரிச்சர்ட் ஷெர்மன் எம்பித் தட்டினார். தட்டிய பந்து அவர் அணியின் மால்கம் ஸ்மித்தின் கைக்குப் போனது. இன்டர்செப்ஷன் ஸ்மித் பெயரில் ஏறியது. ஊர் கொண்டாடியது ஷெர்மனை. தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஷெர்மன் மறித்தார், ஸ்மித் பறித்தார். இவ்வளவு தெளிவாக வருவதை ஏன் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டும்? என் பரிந்துரை "இடைப்பறிப்பு".

மடல் 4 – மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர், முதலில் ஒரு திருத்தம். சிலர் இவ்விளையாட்டை "அமெரிக்கக் கால்பந்து" என எழுதுகின்றனர். பால் + குடம் பாற்குடம் ஆவதுபோல், கால் + பந்து காற்பந்து என்றே புணரும். இதில் சலுகை இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். வழியில் செல்வதைக் குறுக்கிட்டுக் கவர்வதற்குத் தமிழில் மூவாயிரம் சொல் தேட வேண்டியதில்லை. இன்று வழிப்பறி என்கிறோம். சங்கத் தமிழில் ஆறலைத்தல். ஆறு என்றால் வழி. வழிச்செல்வோரை அலைத்துப் பறித்தவர் ஆறலை கள்வர். பந்து செல்லும் வழியும் ஆறுதானே? ஆனால் இவற்றில் களவின் மாசு ஒட்டியிருக்கிறது, மாணவர்க்கு ஏற்காது.

மாசற்ற களவு ஒன்று நம் இலக்கணத்திலேயே உண்டு. அது வெட்சி. பகைவர் நிலத்துள் புகுந்து ஆநிரை கவர்வதைத் தொல்காப்பியர் வேற்றுப்புலக் களவு என்றே சொல்லி, அதை அறமாகவும் வைத்தார். கவர்ந்ததை மீட்பது கரந்தை. நிரையைக் கொள்வது நிரைகோள். அவ்வழியே, பந்தைக் கொள்வது "பந்துகோள்". மூவகையிலும் பொருந்துகிறது: வேற்றார் உடைமை, வேற்றார் கையில் இருந்து, வீரத்தால் கொள்வது. கோள் என்ற தொழிற்பெயர் கொள் என்பதன் முதல் நீண்டு பிறந்தது. படு பாடு ஆனதும், பெறு பேறு ஆனதும், சுடு சூடு ஆனதும் அவ்வாறே. இதை விரித்தால் ஒரு கட்டுரையே எழுதலாம், இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

மடல் 5 – யாழ்ப்பாணம், விளையாட்டுச் செய்தியாளர்

ஐயா, காற்பந்தா கால்பந்தா என்பதில் எங்களுக்குச் சிக்கலே இல்லை. நாங்கள் உதைபந்தாட்டம் என்றுதான் எழுதுகிறோம், கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்கிறோம். சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் அமெரிக்காவின் ஆட்டத்தில் உதை குறைவு, எறிதல் கூட. அதற்கு உதைபந்தும் சரிவராது.

பந்துகோள் அழகான சொல்தான். ஆனால் பந்துகோள் என்று கேட்டால் பிள்ளைக்குக் கிரகம் நினைவு வரும், அல்லது கோள் மூட்டுவது. அதைவிடப் பெரிய குறை வேறு. வெட்சியில் பூச்சூடுகிறவர் கவர்ந்தவர். ஆசிரியை கேட்டது இழந்தவரைப் பற்றி. துடுப்பாட்டத்தில் ஒரே சம்பவத்துக்கு இரண்டு வாக்கியம் எழுதுகிறோம். பந்துவீச்சாளர் இலக்கைக் கைப்பற்றினார், துடுப்பாட்ட வீரர் ஆட்டமிழந்தார். ஒன்று எடுத்தவர் கணக்கு, மற்றது விட்டவர் கணக்கு. இந்த ஆட்டத்துக்கும் அப்படி ஒரு சோடி வேண்டும். ஆங்கிலத்தில் பட்லரின் பத்தியிலும் வில்சனின் பத்தியிலும் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள். அந்தக் குறையை நாங்களும் ஏன் சுமக்க வேண்டும்?

மடல் 6 – சென்னை, மொழிபெயர்ப்பாளர்

யாழ்ப்பாணத்து அம்மா சொன்னதைப் படித்ததும் என் மடலைத் திரும்பப் பெறுகிறேன். அந்தச் சோடி நம் விளையாட்டுப் பக்கத்திலேயே கிடக்கிறது. "அடுத்தடுத்து விக்கெட்டுகளைப் பறிகொடுத்தது" என்று எத்தனை முறை படித்திருக்கிறோம்!

பட்லர் பந்தைப் பறித்தார். வில்சன் பந்தைப் பறிகொடுத்தார். யாரையும் சுட்ட வேண்டாமென்றால், பந்து பறிபோனது. ஒரே வேரில் மூன்று நிலை. பெயர்ச்சொல்லாக்கினால் பறிப்பு, பறிகொடுப்பு. அகராதி தேவையில்லை, பாட்டிக்கும் புரியும்.

மடல் 7 – மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பறிகொடுத்தல் என்பது மகனைப் பறிகொடுத்த தாய் சொல்லும் சொல். ஒரு பந்துக்கு அதைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. மேலும் "பறிகொடுப்பு" என்று எவரும் எழுதி நான் கண்டதில்லை. பறி என்பதற்கு மீன்பிடிக்கும் கூடை என்ற பொருளும் உண்டு. பறிமுதல் என்ற வழக்கில் அது அதிகாரத்தால் எடுப்பதாகிறது. இத்தனையும் ஒட்டிக்கொண்ட வேரைக் கலைச்சொல்லுக்கு எடுப்பது முறையன்று.

ஆனால் பழியைப் பற்றி ஆசிரியை எழுப்பிய கேள்வி உயர்ந்தது. அதற்கு விடை வேற்றுமையில் இருக்கிறது. "வில்சனால் பறிபோனது" என்றால் மூன்றாம் வேற்றுமை, அவர் கருத்தா. "வில்சனிடமிருந்து பறிபோனது" என்றால் நீங்கற்பொருள், பந்து அவரை விட்டு நீங்கியது என்பது மட்டுமே செய்தி. ஒரு உருபை மாற்றினால் பழி நீங்குகிறது.

கருத்தாவும் இருவகை என்று பள்ளியிலேயே படித்தோம். அரசன் கோயில் கட்டினான், கொத்தனும் கோயில் கட்டினான். முன்னவன் ஏவுதற் கருத்தா, பின்னவன் இயற்றுதற் கருத்தா. பயிற்சியாளர் பீட் கரோல் ஏவினார், வில்சன் இயற்றினார். பட்டிமன்றத்தின் இந்த இரண்டு அணிக்கும் இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

மடல் 8 – சியாட்டில், மென்பொருளாளர்

ஐயா, ஏவுதற் கருத்தா என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அன்றிரவு நடந்தது அதுவேதான். தவறு தன்னுடையது என்றார் கரோல். எறிந்தது நான், பழி என் மேல் என்றார் வில்சன். சியாட்டிலின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் டேரல் பெவலோ, பந்தை வாங்கப்போனவர் இன்னும் உறுதியாக நின்றிருக்கலாம் என்ற பொருளில் பேசினார். பக்கத்தில் எங்கள் ஜெர்மெய்ன் கர்ஸ், எதிரணியின் பிராண்டன் பிரவுனரைத் தள்ளி வழிவிட்டிருக்க வேண்டும். பிரவுனர் அசையவில்லை. அந்தப் பேச்செல்லாம் பட்லரை மறைத்துவிட்டது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும்போது எந்த அணியும் எடுக்காத புதுமுகம் அவர். அந்த வாரப் பயிற்சியில் இதே எறிதல் உத்தியில் ஏமாந்து, அதிலிருந்து கற்றுக்கொண்டவர். பறிப்பு என்று ஒரு தனிச்சொல் அவருக்கு வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

இப்போது இரண்டாம் சொல். அமெரிக்கக் கணக்கில் பழி பங்கு பிரிக்கப்படுவதில்லை. பந்து வாங்குபவரின் நெஞ்சில் பட்டுத் தெறித்தாலும், அவர் தவறான பக்கம் திரும்பி ஓடியிருந்தாலும், எறியும் கையை எதிரி பிடித்து இழுத்திருந்தாலும், பாதி ஆட்டம் முடியும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த நெடும்பந்தாக இருந்தாலும் எறிந்தவர் பெயரில் ஒன்று. முன்னாள் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ் பெயரில் இருக்கும் 336 இன்டர்செப்ஷனும் இப்படிச் சேர்ந்ததுதான். அவற்றில் எத்தனை அவர் பிழை என்று அந்த எண் சொல்லாது. 1973 முதல் இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல் பயன்படுத்தும் எறிவோர் மதிப்பீட்டின் நான்கு கூறுகளில் ஒன்று இதுதான், அங்கேயும் பிரிப்பு இல்லை. பேஸ்பாலில் இப்படி இல்லை. களத்தில் நிற்பவரின் பிழையால் வந்த ஓட்டத்தை எறிபவர் சராசரியில் சேர்க்க மாட்டார்கள். கிரிக்கெட்டில் பை ஓட்டங்கள் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாததுபோல.

ஆகவே பழி, குற்றம், தவறு எதுவுமே அந்தப் பத்திக்கு ஆகாது. அது வெறும் பதிவு. கடைக்காரர் "உங்கள் பற்றில் எழுதிக்கொள்கிறேன்" என்பார் இல்லையா, அது. பற்று எழுதுதல் என்று வைத்தால் என்ன?

மடல் 9 – யாழ்ப்பாணம், விளையாட்டுச் செய்தியாளர்

பற்று வேண்டாம் தம்பி. பந்தைப் பற்றினார் என்று மேலே எழுதிவிட்டு, கீழே வில்சன் பற்று என்று எழுதினால் வில்சன்தான் பிடித்தவர் என்று வாசகர் நினைப்பார். "கணக்கில் ஏற்றுதல்" போதும். பழி வேறு, கணக்கு வேறு என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

மடல் 10 – டெக்சஸ், தமிழ்ப்பள்ளி ஆசிரியை

மிகுந்த நன்றி. அழைப்பிதழ் போய்விட்டது. அச்சானது இவ்வளவு: பறிப்பு, பறிகொடுப்பு, கணக்கில் ஏற்றுதல். குவாட்டர்பேக் அப்படியே இருக்கிறது. இழையில் எழுதியவர்களில் மூவர் இந்தப் பக்கம் இருந்தார்கள், எனக்கும் நேரம் இல்லை. மதுரை ஐயா மன்னிக்க வேண்டும். ஆனால் ஏவுதற் கருத்தாவை வகுப்பில் சொன்னேன்.

நேற்று ஒத்திகை. மூன்றாம் அணியில் பேசும் பெண் வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம் பேசுவாள். எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு அவளாகவே சொன்னாள்: "வில்சன் பறிகொடுத்தார், ஆனால் கரோல்தான் பறிகொடுக்க வைத்தார்." அந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை, அவள் பேச்சின் முதல் வரியாக வைத்துவிட்டேன்.

மடல் 11 – மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

குழந்தைக்கு என் வாழ்த்து. துணைவினை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

ஆயினும் பறிகொடுப்பை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். பந்துகோளுக்கான சான்றுகளைத் தொகுத்து வருகிறேன், அடுத்த வாரம் இடுகிறேன். மேலும் ஒன்று: கையிலிருந்து நழுவவிட்ட பந்தை எதிரணி எடுத்துக்கொள்வதையும் "பறிகொடுத்தார்" என்றுதானே உங்கள் பிள்ளைகள் சொல்வார்கள்? அதை இதனின்று எவ்வாறு பிரிப்பீர்கள்?